எங்கக்கா ஒருத்தி போதும்

வெட்டின வாழைமரத்தைக் கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்திக் கட்டும்போது ஒரு வாசனை வரும். பச்சையும் துவர்ப்பும் கலந்து, துருப்பிடித்த இரும்பை நக்கின மாதிரி தொண்டையில் போய் நிற்கும். அதோடு ஜெனரேட்டர் டீசல் புகையும் சேர்ந்துகொண்டால் ஊருக்கெல்லாம் அது கல்யாண வாசனை. நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். போன வாரம் அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது இடது பக்கத்து மண்டபத்தில் மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குலையிலிருந்து சொட்டிய நீர் சிமெண்ட் தரையில் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். பின்னால் வேன்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்ண்ணா, வண்டியெ எடுக்கறீங்களா, இல்ல இங்கயே குடித்தனமுங்களா?" என்றார். எங்கள் ஊரில் திட்டுவதும் இப்படித்தான். மரியாதை குறையாமல் ஆளை நகர்த்திவிடுவோம். அந்த மரியாதையின் மேல்தான் எனக்குக் கோபம். இருபது வருடத்துக்கும் மேலான கோபம். ஆறும் ஆறும் என்றார்கள், ஆறவில்லை.

நான் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். என் எதிர் மேஜைப் பெண்ணுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அன்றைக்கு மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று யாரோ ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமாம். கண்ணுக்கு வெள்ளரிக்காய் வைக்க வேண்டுமாம். உப்புக் குறைத்துச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் முகம் ஊதிவிடும், ஃபோட்டோவில் தெரியும். "மனசைப் பாதிக்கிற எந்தப் பேச்சையும் அன்னிக்கு நைட்டு காதுல வாங்காதீங்க" என்று முடித்தாள். எதிர் மேஜைப் பெண் நிமிர்ந்து, "சார், உங்க கல்யாணத்துக்கு மொத நாள் நைட்டு நீங்க என்னங்க சார் பண்ணுனீங்க?" என்றாள். "தூங்கினேன்" என்றேன். "சூப்பர் சார்" என்றாள்.

பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் தூங்கினேன். அன்றிரவு என்னைப் பற்றிச் சொல்ல அதைவிடக் கேவலமான விஷயம் வேறு கிடையாது.

எனக்கும் அக்காவுக்கும் பதினொரு வயது வித்தியாசம். நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பா உடுமலைப் பக்கத்துத் தோப்பில் தேங்காயோடு தேங்காயாக, வாய் திறக்காமல் வாழ்ந்து, நான் கல்லூரி முடிக்கும் முன்பே அதே மாதிரி சத்தமில்லாமல் செத்தும் போனார். ஆகவே எனக்கு வீடு என்றால் அக்கா. என் சட்டைக்குப் பட்டன் தைத்தவள், என் ரிப்போர்ட் கார்டில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நன்றாகப் போட்டவள். நான் எழுத ஆரம்பித்தபோது முதல் வாசகியும் அவள்தான். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஏண்டா வரிக்கு வரி மழை பேயுது? ஒருத்தன்கிட்டயுமா கொடை இல்ல?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இன்றுவரை மழை என்று எழுதும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.

அவளைத் தாராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஐந்து வருடம். அப்புறம் மச்சான் இன்னொரு பெண்ணோடு தோட்டத்திலேயே குடும்பம் வைத்துக்கொண்டார். ஒரு நாள் மத்தியானம் அக்காவை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்து உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, சூட்கேஸைப் பத்திரமாக அவள் காலடியில் வைத்து, "பாத்துப் போங்க" என்றிருக்கிறார். அடிக்கவில்லை, வையவில்லை. கேட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள்: "கைநீட்டுன மனுசன் இல்லீங்க, அந்த வரைக்கும் நல்ல மாதிரி." கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போகும் என்று தடுத்தார்கள். ஆகவே தாலி அவள் கழுத்தில், தாலி கட்டினவர் தாராபுரத்தில். அக்கா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்தாள், வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாற்பது வளைவு மலைப்பாதையில் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினாள், இறங்கினாள்.

எனக்குப் பெண் பார்த்ததும் அந்த பஸ்ஸில்தான். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண், இவள் முகம் வெளிறுவதைப் பார்த்ததும், கேட்காமலே எழுந்து ஜன்னலோரத்தைக் கொடுத்தாளாம். இறங்குவதற்குள் அக்கா ஊர், எந்தக் குலக் கூட்டம், அப்பா பெயர் எல்லாம் விசாரித்துவிட்டாள். "டேய், வாந்தி எடுக்கறவளுக்கு சன்னலோரம் குடுக்கற புள்ள, உன்னையவும் சகிச்சுக்கும். மறுக்காமக் கட்டிக்கோ" என்று ஃபோன் செய்தாள். கட்டிக்கொண்டேன். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கல்யாணங்களில் முந்தின நாள் மாலை இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கான சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனையைத் தம்பி பிடித்திருப்பான், மறுமுனை அக்காவிடம் இருக்கும். இருவரும் அப்படி இணைந்து சபையில் நிற்பார்கள். நாளைக்கு ஒருத்தி பொண்டாட்டியாக வரப்போகிறாள். வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன், இந்த வீட்டில் உன் பாத்தியம் அறுந்துபோகாது என்று ஊரறியச் சொல்வதுதான் அதன் பொருள். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு அழகு! பெண்டாட்டி கழுத்தில் முடிச்சுப் போடுவதற்கு முன்னால் அக்காவோடு ஒரு முடிச்சு. ஆனால் அதில் நிற்க ஒரு தகுதி வேண்டும். கட்டுக்கழுத்தியாக, புருசனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். அதாவது, கைவிடப்படாதவளுக்கு மட்டும்தான் கைவிட மாட்டோம் என்ற உறுதிமொழி. யாருக்கு அந்தச் சீர் தேவையோ அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, தேவையே இல்லாதவளை நடுவில் நிற்கவைத்து, அதற்கு மேளம் கொட்டி, பூ தூவி, கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இந்த அநியாயத்தை யோசித்தவன் எவன்? அவன் வீட்டில் அக்கா தங்கச்சியே இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பா இல்லாததால் பெரியப்பாதான் எல்லாம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி பேசுவார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "அம்மணிதான் நிக்கோணும். அதுல ரெண்டு பேச்சே கெடையாது. ஆனாப் பாரு கண்ணு, அருமைக்காரரு கேப்பாரு. நாலு ஒறம்பரை கேக்கும். தாலி கட்டுனவரு வந்து ஒரு ஓரமா உக்காந்துட்டார்னா சபை நெறஞ்சு போகும். அம்மணிக்கும் அது கௌரவந்தானே?" அம்மணி என்றது அக்காவை; ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். அருமைக்காரர் என்பவர் சீர்களை முன்னின்று நடத்தித் தரும் பெரியவர். அவர் கேட்பதற்கு முன்பே அவருக்கான பதிலைத் தயார் செய்து வைப்பதுதான் பெரியப்பாவின் பழக்கம்.

போனேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவோடு காரில் தாராபுரம் பக்கம் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புதுவேட்டி வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "வந்து நின்னு நடத்திக் கொடுக்கோணுமுங்க மச்சான்" என்றேன். அந்த இன்னொரு பெண் மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். நன்றாக இருந்தது. மச்சான் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வந்துபோடறனுங்க. நம்ம ஊட்டு விசேசமுங்களே" என்றார். நம்ம ஊட்டு! அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று நினைத்தேனா, தடுப்பாள் என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் முழுக்க நான் ஏதோ தியாகம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன். அக்கா நிற்பதற்காக யாரிடமோ போய்க் குனிந்துவிட்டு வந்தவனாம் நான்.

மண்டபம் அவிநாசியில். அக்கா மூன்று மணிக்கு வந்து இறங்கினாள். கையில் எலுமிச்சம்பழம், முகத்தில் மலைப்பாதைக் களைப்பு, அதற்கு மேல் ஒரு சிரிப்பு. வந்தவுடன் சமையல்காரரிடம் போய் "ரசத்துல புளியெக் கொறைங்க, எங்க தம்பிக்கு நெஞ்செரியும்" என்று உத்தரவு போட்டாள். இணைச்சீருக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை எடுத்திருந்தாள். பையிலிருந்து எடுத்து என் கட்டிலில் விரித்து, "எப்பிடிடா? டீச்சரு மாதிரி இல்லாம இருக்குதா?" என்றாள். ஆறு மணிக்கு எனக்குக் காப்புக் கட்டினார்கள். அதுவரை டேய் என்று கூப்பிட்ட சித்தப்பாமார்கூட வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தார்கள். ஏழு மணிக்கு மச்சான் வந்தார்.

வாசலில் பன்னீர், சந்தனம், கல்கண்டு. பெரியப்பா இரண்டு கையையும் குவித்து, "வாங்க மாப்பிள்ளை, வாங்க வாங்க" என்று நடு ஹாலுக்குக் கூட்டிவந்து முதல் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் தட்டில் வைத்துக் கொடுத்த அதே வேட்டி. அக்கா அப்போது பூக்கூடையோடு மேடையோரம் நின்றிருந்தாளாம். கூடையைக் கீழே வைத்துவிட்டு யார் கூப்பிட்டது என்று ஒரு அத்தையிடம் கேட்டிருக்கிறாள். "ஏன் அம்மணி, உனக்குத் தெரியாதா? தம்பிதான் தட்டு வெச்சுக் கூப்பிட்டுட்டு வந்துது" என்று அத்தை சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள்.

என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். "ஏண்டா, அந்த ஆளெ எதுக்குடா கூப்பிட்ட?"

"நீ நிக்கோணும்னுதான்க்கா."

"நா நிக்கறதுக்கு அந்த ஆளு எதுக்கு? எனக்குக் காலு இல்லையா?"

நான் அருமைக்காரர், சபை, ஒறம்பரை என்று ஏதோ சொன்னேன். பெரியப்பாவின் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வந்து விழுந்தன. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் விவரிக்க மாட்டேன். "உனக்கு அம்மை வாத்திருந்தப்ப பதினெட்டு நாளு வேப்பிலையோட உக்காந்தது அவரா? பத்தாவதுல கணக்குல கோட்டை உட்டுட்டுக் கெணத்து மேட்டுல போயி உக்காந்திருந்தியே, காதெப் புடிச்சு இழுத்துட்டு வந்தது அவரா? சேலைக்கு இந்த முனை நீ, அந்த முனை நானு. நடுவுல அவரு எங்கடா வந்தாரு?" கொஞ்ச நேரம் கட்டிலில் கிடந்த பட்டுச்சேலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, நான் சின்னப் பையனாக இருக்கும்போது பாடம் சொல்லித் தருகிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு பண்ணு. வெளியே போ. 'எங்கக்கா ஒருத்தி போதும்'னு பெரியப்பாகிட்டச் சொல்லு. சத்தமாக்கூட வேண்டாம். அருமைக்காரரு காதுல உழுந்தாப் போதும். அதுக்கு மேல அவங்க ஒத்துக்காட்டிப் போகுது, எனக்கு வருத்தமில்ல. நீ சொல்லு. நா சேலை கட்டிட்டு வாரேன்."

அறையிலிருந்து பெரியப்பா நின்ற இடத்துக்கு இருபது அடி இருக்கும். எங்கக்கா ஒருத்தி போதும். மூன்றே வார்த்தை. போகும் வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொருவராக எழுந்து, நிறுத்தி விசாரித்து வழிவிட்டதில் அந்த இருபது அடிக்குப் பத்து நிமிடம் ஆனது. "வாங்க மாப்பிள்ளை", "என்னங்க மாப்பிள்ளை, ஏதாச்சும் வேணுமுங்களா?" யாராவது ஒருத்தர் முறைத்திருந்தால், ஒருத்தர் 'என்னடா' என்று அதட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். சண்டைக்கு வருகிறவனிடம் சண்டை போடலாம். கைகூப்புகிறவனிடம் என்ன செய்வது? பெரியப்பா என் தோளில் கையை வைத்து, அத்தனை பிரியமாக, "சொல்லுங்க கண்ணு" என்றார். பக்கத்தில் அருமைக்காரர். முதல் வரிசையில் மச்சான், காலைக்கூட அடக்கமாக மடக்கி உட்கார்ந்துகொண்டு. நான் வாயைத் திறந்தேன். "ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. நேரமாச்சுங்களா?" என்றேன்.

திரும்பினால் அறை வாசலில் அக்கா, மாம்பழ நிறச் சேலையில். கேட்டுவிட்டாள். பெரியப்பாவும் அவளைப் பார்த்துவிட்டு, "வா அம்மணி, வந்து மாப்பிள்ளை பக்கத்துல சித்தெ நில்லு. சபையோரு பாக்கட்டும், அப்புறமேலு சீரெ ஆரம்பிச்சரலாம்" என்று மச்சானைக் காட்டினார். அக்கா ஒரு நிமிடம் எல்லோரையும் பார்த்தாள். "எனக்குப் பசிக்குதுங்க பெரியப்பா" என்றாள். "நா சாப்படப் போறனுங்க." பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பந்திக்கு இறங்கிப் போனாள்.

பெரியப்பா மகள் நின்றாள். அவசரத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள், பாவம், அவள் முந்தானையில் குழந்தை வாந்தி எடுத்த ஈரம்கூடக் காயவில்லை. சேலையின் அந்த முனையில் ஒரு பிடிப்பே இல்லை. நான் இழுத்தால் என்னோடு வந்துவிடும் போலத் தொய்ந்து கிடந்தது. மேளம் அடித்தார்கள், பூ போட்டார்கள். யாருக்காக மச்சானைக் கூட்டிவந்தோமோ அவள் சபையில் இல்லை. மச்சான் மட்டும் நிறைந்த சபையாக முதல் வரிசையில் உட்கார்ந்து எனக்கு அட்சதை போட்டார். கீழே பந்தியில் அக்கா இலை போட்டு, கூட்டுப் பொரியல் ஒன்று விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். ஊர் அதைத்தான் மன்னிக்கவில்லை. அழுதிருந்தால் பரிதாபப்பட்டிருப்பார்கள், மயங்கி விழுந்திருந்தால் விசிறியிருப்பார்கள். "தம்பிக்கு மேல சீரு நடக்குது, அவ பாருங்க, ரெண்டாவது வாட்டி ரசம் வாங்கிக் குடிச்சுட்டு இருக்கறா" என்று எத்தனை வருடம் சொன்னார்கள்! கட்டின பெண்டாட்டியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டவனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசம் குடித்தவள்தான் குற்றவாளி.

நேற்று எதிர் மேஜைப் பெண் தன் கல்யாணத்து நிகழ்ச்சி நிரலைக் காட்டினாள். மண்டபத்துக்காரர்களே வண்ணத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏழே முக்காலுக்கு இணைச்சீர், ட்ரோன் கேமராவோடு. "உங்க நாத்தனாரு நிக்கறாங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார். அவங்க பெங்களூர்ல தனியா இருக்கறாங்க, கல்யாணம் பண்ணிக்கலீங்க. அதனால அவரோட சித்தி பொண்ணு நிக்கறாங்க."

"அவங்ககிட்டக் கேட்டாங்களாமா?"

"அது அவங்க ஊட்டு விசயமுங்களே சார்" என்றாள், மிகப் பணிவாக.

மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன். கம்பெனியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் என்ன செய்வாள்? நான் தட்ட வேண்டிய மேஜை இருபது வருடத்துக்கு முன்னால் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், வெள்ளரிக்காய் வேண்டாம், எட்டு மணி நேரத் தூக்கமும் வேண்டாம். முந்தின ராத்திரி எழுந்து மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யாரை ஓரமாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்கு வேலை கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார்கள் என்று பாருங்கள். உங்களுக்கு ங்க போடுகிறவர்கள் அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்பார்கள். கேட்கிற ஒரே நாள் அதுதான். மறுநாள் காலையில் நீங்கள் வெறும் புருசன்.

அக்கா இந்த வருடம் ஓய்வு பெறுகிறாள். மலையிலேயே இருந்துவிடப் போகிறாளாம். என் மனைவி வருடத்துக்கு இரண்டு முறை தனியாகவே போய் அவளோடு தங்கிவிட்டு வருகிறாள். நானும் அக்காவும் பேசிக்கொள்கிறோம், நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம். சண்டை ஒன்றும் இல்லை. மிகவும் மரியாதையாக இருக்கிறோம்.

அன்றிரவு ஒன்பதரை மணி இருக்கும். அக்கா பையோடு வெளியே போகிறாள் என்று யாரோ சொல்ல, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காப்புக் கட்டினவன் மண்டபத்து வாசலைத் தாண்டக் கூடாது என்பார்கள். நான் சரியாக அந்த வாசற்படியில் நின்றுவிட்டேன். என்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை, கால் தானாக நின்றது. அக்கா பழைய நூல்சேலைக்கு மாறியிருந்தாள். ரோட்டோரம் ஆட்டோ நின்றிருந்தது.

"அக்கா!" என்றேன். திரும்பினாள். "காலைல முகூர்த்தம்க்கா. இந்நேரத்துக்கு எங்க போற? பொள்ளாச்சி போனாலும் விடியறவரைக்கும் வால்பாறை பஸ் இல்லக்கா."

பையை ஆட்டோவுக்குள் வைத்தாள்.

"நா சொல்லோணும்னுதான்க்கா போனேன்."

இரண்டு எட்டு திரும்பி வந்தாள். படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, என் கன்னத்தில் வழிந்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். என் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தாள். எனக்குப் பின்னால், உள்ளே, யாரோ மைக்கில் மாப்பிள்ளை மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள்.

"உள்ள போங்க தம்பி" என்றாள். "தேடுவாங்க."